தொட்டுத் தூக்குவது யார்?

பொம்மையின் வாயைத் துடைக்க ஸ்பிரிட் நனைத்த பஞ்சு கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் துடைத்துவிட்டு, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊத வேண்டும். போன வருடம் எங்கள் வங்கி ஊழியர்களுக்கு அரைநாள் முதலுதவிப் பயிற்சி. இருபத்துமூன்று பேர் வரிசையில் நின்றோம். பொம்மைக்கு வெள்ளைக்காரி முகம். நார்வே நாட்டில் 1960இல் ஆஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மைக்காரர் செய்து கொடுத்தது அது. பாரிசில் சேன் ஆற்றில் மூழ்கிச் செத்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சை எடுத்து வைத்தார்கள் என்பது கதை. எவள் பெற்ற பிள்ளையோ, ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் வாயில் உலகமே வாய் வைத்துப் பழகுகிறது. நல்லதுதான்.

எனக்கு முன்னால் நின்றவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பயிற்சி கொடுத்த அம்மாவிடம் கேட்டார்: "ஏனுங்க, பொம்மைக்குச் சரி. ரோட்டுல உழுந்து கெடக்கறவன் யாரு எவுருன்னு தெரியாம எப்பிடிங்க வாயி வெக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா நோய்த்தொற்றைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பழகாதவர்கள் வாய் வைக்க வேண்டியதில்லை, நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது என்றார். கேட்டவருக்கு நிம்மதி. எனக்கு இல்லை. சூலூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு 'யாரு எவுரு' என்றால் என்ன கேள்வி என்று தெரியும். வாடகைக்கு வீடு கேட்டால் அந்தக் கேள்வி. கோயில் வாசலில் அந்தக் கேள்வி. புது ஊருக்கு மாற்றலாகிப் போனால் முதல் நாள் டீ குடிக்கும்போது பக்கத்து மேசைக்காரர் சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வி. இப்போது மூச்சு நின்று கிடப்பவனிடமும் கேட்கிறார்கள். அவனால் பதில் சொல்ல முடியாது என்பதுதான் அவர்களுக்குச் சங்கடம்.

என் முறை வந்தது. ஊதினேன். பொம்மையின் நெஞ்சு மேலே எழும்பியது. அதைப் பார்த்ததும் என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பயிற்சி அம்மா "பயப்படாதீங்க சார், பொம்மைதான்" என்றார்.

2009இல் நான் பி.காம். இரண்டாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் சித்தப்பனை ஒரு மில்லின் பின்பக்கத்துக் கக்கூஸ் தொட்டி அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். கூலி எவ்வளவு என்று இப்போது நினைவில்லை, காலையில் ஒரு குவார்ட்டருக்கும் காசு கொடுத்தார்கள் என்பது நினைவிருக்கிறது. குடிக்காமல் அந்த வேலைக்கு இறங்க முடியாது என்று கொடுக்கிறவனுக்கும் தெரியும். பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தார், உள்ளேயிருந்து பேசினார். வாளியைக் கீழே விட்டுச் சேற்றைக் கலக்கியதும் பேச்சு நின்றுவிட்டது. கூடப் போயிருந்தவர் "ஏய் என்னாச்சு" என்று கத்திக்கொண்டே தானும் இறங்கினார். பாதிப் படியிலேயே அவருக்குத் தலை சுற்றியது, யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள், பிழைத்தார். சித்தப்பனைக் கொக்கி போட்டு வெளியே எடுக்கும்போதுதான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

மில் ஆட்கள் இருபதடி தள்ளி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றார்கள். "காத்து உடுங்கப்பா, காத்து உடுங்கப்பா" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் துண்டால் விசிறினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். பிறகு வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். மூச்சில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பதினைந்து வருடப் படிப்பில் எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இருப்பு நிலைக் குறிப்பு போடத் தெரியும். ஷெல்லியின் கவிதை ஒன்று மனப்பாடம். 108 வண்டி எங்கள் ஊர்ப் பக்கம் ஓட ஆரம்பித்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, கூப்பிட்டதும் வந்தது, ஆனால் எனக்கு அது இருபத்தைந்து நிமிடமாகத் தெரிந்தது. வண்டியில் வந்த பையன் குனிந்து பார்த்தான். எழுந்து நின்றான்.

நெஞ்சை அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. அந்த வாயு உடம்புக்குள் போய்விட்டால் ஆஸ்பத்திரியிலேயே காப்பாற்றுவது கஷ்டம். மூச்சு நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை சாக ஆரம்பிக்கும் என்கிறார்கள், எத்தனை நிமிடம் ஆகியிருந்தது என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அங்கே நின்ற முப்பது பேரில் ஒருவனுக்கும் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தவனும் யாரும் இல்லை. ஒரு மில் என்றால் நூற்றைம்பது தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், அதற்குப் பொறுப்பாக முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அப்போதே எழுதி வைத்திருந்தது. பெட்டி இருந்தது, நான் பார்த்தேன். பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

இதைச் சொந்த சோகமாக எழுத நான் உட்காரவில்லை. இன்று ஊரெல்லாம் சி.பி.ஆர். பேச்சு. தனியார் ஆஸ்பத்திரிகள் கல்லூரி மைதானத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களை உட்கார வைத்துத் தலையணையை அமுக்கச் சொல்லிப் படம் எடுத்துப் போடுகின்றன. உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்பது வயதுக்காரர் விழுந்தார், விமான நிலையத்தில் தொழிலதிபர் விழுந்தார் என்று செய்தி. சரி, அவர்களும் பிழைக்கட்டும், நமக்கென்ன வன்மம். ஆனால் இந்தப் பிரச்சாரம் கற்பனை செய்கிற உடல் எது என்று கவனியுங்கள் தோழர்களே. கொழுப்பு அடைத்த இருதயம் உள்ள உடல். சுத்தமான தரையில், வெளுத்த சட்டையோடு விழும் உடல். அதற்குத்தான் 'கை மட்டும் போதும்' என்ற சலுகை பொருந்துகிறது. திடீரென்று இருதயம் நின்றவனின் ரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்குப் பிராணவாயு மிச்சம் இருக்கும், அமுக்கினால் அது ஓடும்.

எங்கள் வளவில் சாகிறவன் அப்படியா சாகிறான்? கிணற்றில் மூழ்கிச் சாகிறான். தொட்டியில் வாயு அடித்துச் சாகிறான். இவர்களுக்கு முதலில் நிற்பது மூச்சு. ரத்தத்தில் இருந்த காற்றெல்லாம் தீர்ந்த பிறகுதான் இருதயம் நிற்கிறது. நெஞ்சை மட்டும் அமுக்கினால் காற்றில்லாத ரத்தம்தான் சுற்றி வரும். இவர்களுக்கு முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு என்று ஊதியே ஆகவேண்டும். மூழ்கியவனுக்கு ஊதுவதில்தான் ஆரம்பமே. எதுவுமே தெரியாதவன் சும்மா நிற்பதைவிட அமுக்குவது ஆயிரம் மடங்கு மேல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடுவதைக் குறைத்துக்கொண்ட வைத்தியமுறை யார் உடலுக்கு நட்டம் இல்லாமல் பொருந்துகிறது, யார் உடலுக்குப் போதாமல் போகிறது என்று கேட்டால் பதில் பழைய இடத்தில்தான் வந்து நிற்கிறது.

தீண்டாமை என்பதை நாம் டீக்கடை கிளாசோடும் தேர்வடத்தோடும் வைத்தே பேசிப் பழகிவிட்டோம். அதன் கடைசி எல்லை மூச்சு. அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று எழுதி வைத்திருக்கும் குறிப்புகளில் கத்தியவாரில் நடந்த ஒன்று வருகிறது. தீண்டப்படாத வகுப்பைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் மூச்சுவிட முடியாமல் படுத்துவிட்டாள். மருத்துவர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர் சொல்லி, கூலிக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறார். காய்ச்சல் பார்க்கும் கருவியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். திரும்பவும் அதே வரிசை. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விட்டார். அவள் செத்துப்போனாள். அந்த ஆசிரியர் எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12ஆம் தேதி 'யங் இந்தியா'வில் அச்சானது. கருவி கை மாறிப் போன அந்தச் சில அடி தூரத்தை யோசித்துப் பாருங்கள். அந்தத் தூரம் மில்லில் இருபதடியாக, கைக்குட்டையோடு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. செத்தவனைத் தொட மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள். எழவு சொல்லப் போனது எங்கள் தாத்தன். குழி வெட்டியது எங்கள் பெரியப்பன். ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை செய்கிறவர் எந்தத் தெரு என்று போய்க் கேளுங்கள். செத்த உடல் எங்கள் பொறுப்பு. பிழைக்க வாய்ப்பிருக்கும் உடலைத் தொட்டால்தான் பிரச்சினை. திருச்சி ரோட்டில் ஒரு முறை எங்கள் பையன் ஒருவன் வண்டியோடு விழுந்து கிடந்த ஒருவரைத் தூக்கி, காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, வண்டி வரும்வரை இருந்தான். உறவுக்காரர்கள் வந்தார்கள். முதலில் கேட்டது 'எந்த ஊருப்பா'. இரண்டாவது கேட்டது, கழுத்தில் சங்கிலி இருந்ததே, எங்கே என்று. சங்கிலி வண்டிப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குப் பிறகு அவன் யாரையும் தூக்குவதில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விபத்தில் உதவுகிறவரைப் போலீசோ ஆஸ்பத்திரியோ அலைக்கழிக்கக் கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பயன்படும். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அதுவும் நல்லது. ஆனால் அது சாலை விபத்துக்கு. தொட்டிக்குள் விழுவது சாலை விபத்தாகாது. 134ஏ போலீசிடமிருந்துதான் காப்பாற்றும். ஊரிடமிருந்து காப்பாற்றும் பிரிவு எது? நம்ம பையன் ஒருவன் மயங்கி விழுந்த ஆதிக்க சாதிப் பெண்ணின் நெஞ்சில் கை வைத்து அமுக்கினால் என்ன நடக்கும் என்று கொங்கு நாட்டுக்காரனுக்கு விளக்க வேண்டுமா? 2015இல் திருச்செங்கோட்டில் ஒரு பெண்ணோடு கோயிலில் நின்று பேசியதற்கே கோகுல்ராஜ் தண்டவாளத்தில் கிடந்தான்.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டினார்கள். கேமராவில் பதிந்த காட்சியை நாடே பார்த்தது. வெட்டுகிறவர்களைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். நான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். அரிவாளுக்கு முன்னால் போ என்று யாரையும் சொல்ல மாட்டேன், எனக்கும் அந்தத் தைரியம் இருக்கிறதோ என்னவோ. வெட்டியவர்கள் வண்டியேறிப் போன பிறகு? கோயமுத்தூருக்குக் கொண்டுவரும் வழியில் சங்கர் செத்துப்போனான். ரத்தம் போகிற காயத்தில் துணியை மடித்து வைத்து இரண்டு கையாலும் விடாமல் அழுத்த வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, துணி நனைந்தால் அதன்மேல் இன்னொரு துணி வைக்க வேண்டும். இதற்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. சங்கர் அதனால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு ஆழமான வெட்டுகள். ஆனால் இனி ஒருவன் அப்படிக் கிடந்தால் நம்மில் நாலு பேருக்காவது கை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வெட்டு நமக்குப் புதிதில்லையே.

மாணவத் தோழர்கள் கறுப்பர்களைப் பற்றி நிறையப் படிக்கிறீர்கள். சிறுத்தைகளைப் பற்றி, கவிதையைப் பற்றி. இதையும் படியுங்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம், ஹில் என்ற கறுப்பர் பகுதி. 1960களில் அங்கே ஒருவன் விழுந்தால் வருவது போலீஸ் வேன். பின்னால் போட்டுப் பூட்டி எடுத்துப் போவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. கூப்பிட்டால் வருவார்களா என்பதும் அவர்கள் இஷ்டம். அந்த ஊரில்தான் பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் இருந்தார். வாயோடு வாய் வைத்து ஊதினால் போதுமான காற்று போகும், மருத்துவம் படிக்காதவனாலும் அதைச் செய்ய முடியும் என்று 1950களின் பிற்பகுதியில் செய்து காட்டியவர். தாமாக முன்வந்தவர்களுக்கு மருந்து கொடுத்து மூச்சை நிறுத்தி, சாதாரண ஆட்களை ஊதச் சொல்லி நிரூபித்தார். நெஞ்சை அமுக்கும் முறை 1960இல் பால்டிமோரில் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்ததுதான் இன்றைய சி.பி.ஆர்.

1967இல் அந்த சஃபாரும் ஹில் பகுதி மக்களின் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அமைப்பும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். வேலை கிடைக்காத, 'உருப்படாதவன்' என்று ஊர் முத்திரை குத்திய கறுப்பு இளைஞர்களைச் சேர்த்தார்கள், பள்ளிக்கூடத்தை முடிக்காதவர்களும் அதில் உண்டு. முந்நூறு மணி நேரப் பயிற்சி. உடற்கூறு, மூச்சு, இருதயம், பிரசவம் எல்லாம். ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் ஓடியது. வண்டியில் போகும்போதே வைத்தியம் பார்க்கும் முறைக்கு அமெரிக்காவில் முன்னோடி இவர்கள்தான். டாக்டர் நான்சி கரோலின் பிற்பாடு இவர்களோடு சேர்ந்து வகுத்த பாடமே நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்துக்கு அடிப்படையானது. முடிவு என்ன தெரியுமா? 1975இல் நகராட்சி தானே ஆம்புலன்ஸ் நடத்துகிறேன் என்று சொல்லி ஃப்ரீடம் ஹவுசை மூடியது. புது வண்டிகளில் பெரும்பாலும் வெள்ளையர். முன்னோடிகளில் பலர் கழித்துக்கட்டப்பட்டார்கள். 108 வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான். கீழே கிடப்பவனைத் தொடுவதற்கு அஞ்சாதவன்தான் அந்த வைத்தியத்தையே கண்டான். கண்ட பிறகு அது மரியாதையான உத்தியோகமாகிவிட்டது, அவனுக்கு இடமில்லை. எங்கள் பறையும் தோலும் இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அது வேறு கட்டுரை.

இனி நம் தோழர்களிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

போன மாதக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு மூத்த தோழர் எழுந்தார். "முதலுதவி கத்துக் குடுக்கறது தொண்டு நிறுவன வேலை. தொட்டியில எறக்கறதையே ஒழிக்கணும்கறோம், நீ எறங்கிச் செத்தா எப்பிடி எழுப்பறதுன்னு கிளாஸ் எடுக்கறே. நடூர்ல செவுரு உழுந்து பதினேழு பேரு செத்தாங்களே, ஊதியா எழுப்பியிருப்பே?" கைதட்டினார்கள். 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். தூக்கத்திலேயே மண்ணுக்குள் போன எங்கள் சனம் பதினேழு பேர். அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் வாய் அடைக்கும். எனக்கும் அடைத்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் கிடைத்தது, இங்கே எழுதுகிறேன்.

தோழர், சட்டம் ஒழித்துவிட்டது. 1993இல் ஒரு சட்டம். 2013இல் இன்னொரு சட்டம், பாதுகாப்பில்லாமல் தொட்டியில் இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை. 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைச் சட்டமும் பாயும். 2014இல் உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது, 2023 அக்டோபரில் முப்பது லட்சம் என்றது. நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கில் 1993க்குப் பிறகு இப்படிச் செத்தவர்கள் அதிகம் உள்ள மாநிலம் நம் திராவிடத் தமிழகம்தான், இருநூறுக்கும் மேல். 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறைத் தொட்டியில் மூன்று பேர் போனார்கள். சூலூரிலிருந்து எவ்வளவு தூரம்? நீங்கள் ஆர்ப்பாட்டம் நடத்தினீர்கள், நானும் வந்தேன். சாவுக்குப் பிறகு போய் நிற்பதில் நாம் கெட்டிக்காரர்கள். சவத்தை வாங்க மாட்டோம் என்று மறியல் செய்து, வழக்குப் போட வைத்து, நட்ட ஈடு வாங்கித் தருகிறோம். அப்படி வந்த பத்து லட்சத்துக்கான காசோலையை என் கவுண்டரில் ஒரு அக்கா நீட்டினாள். கைநாட்டு வைக்கும்போது "இத மாத்தி அவர எடுத்துக்க முடியாதாப்பா" என்று கேட்கவில்லை, அதெல்லாம் சினிமாவில் கேட்பார்கள். "எத்தன நாளாகும் காசு வர" என்று கேட்டாள். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது.

தொட்டிக்கு முதலுதவி என்றால் என்ன என்று தெரியாமல்தான் நீங்கள் பேசுகிறீர்கள். அதன் முதல் பாடமே இறங்காதே என்பதுதான். ஒருவன் விழுந்தால் அடுத்தவன் இறங்கக் கூடாது. அண்ணன் விழுந்தால் தம்பி, அப்பன் விழுந்தால் மகன், அவன் விழுந்தால் பங்காளி என்று நம் சாவுகள் இரண்டாகவும் மூன்றாகவும் ஆவது இதனால்தான். பாசத்தால் சாகிறோம். மேலே நிற்பவன் ஒருநாளும் இறங்குவதில்லை, அவனுக்கு இந்த விதி பிறவியிலேயே தெரியும்.

தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம். 'நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்' என்பார்கள் நம் ஆட்கள். நாற்றம் போகவில்லை, உன் மூக்கு செத்துவிட்டது. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் மூக்குக்கு மணம் தெரியாமல் போகும். எழுநூறு, ஆயிரம் என்று ஏறினால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுவான். சேற்றுக்குள் அடைபட்டிருக்கும், கலக்கினால் மொத்தமாக வெளியே வரும். என் சித்தப்பன் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தது ஏன் என்று இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம். குச்சி எரிந்தாலும் விஷம் அங்கேயே இருக்கும், மீத்தேன் இருந்தால் வெடிக்கும். முகத்தில் கட்டும் துணி தூசிக்கு, வாயுவுக்கு அல்ல. தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டியவன்தான் இறங்கலாம். வெளியே எடுத்தவனைத் தொட்டி வாயிலிருந்து தள்ளி, காற்று வரும் திசைப் பக்கம் கொண்டுபோக வேண்டும், நனைந்த துணியைக் கழற்ற வேண்டும். வாயு அடித்தவனுக்கு நேராக வாய் வைத்து ஊதினால் அவன் மூச்சிலிருக்கும் விஷம் உனக்கும் வரும், இடையில் முகமூடியும் ஊது பையும் வேண்டும். அந்தப் பை தங்கத்தில் செய்ததில்லை, ரப்பர்தான். ஒவ்வொரு வளவிலும் ஒன்று வாங்கி வைக்க முடியும். நம் மாநாட்டுச் சுவரொட்டிச் செலவைவிடக் குறைவு. (தலைவர் படம் போட்ட சுவரொட்டிகளைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.)

இதைத் தெரிந்தவன் கூலிக்குக் கூப்பிடும்போதே எதிர்க்கேள்வி கேட்பான். "சிலிண்டர் எங்கீங்க, கயிறு எங்கீங்க, தீயணைப்புக்குச் சொல்லீட்டீங்களா?" இந்த மூன்று கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர் கூப்பிடுவதையே விட்டுவிட்டு லாரி வைத்து உறிஞ்சுவார்கள். நேரம் குறித்து வைக்கத் தெரிந்தவன், பூட்டிய பெட்டியைப் படம் எடுத்து வைக்கத் தெரிந்தவன் நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி. நான் 2009இல் எதையும் குறித்து வைக்கவில்லை. 'குடிபோதையில் தவறி விழுந்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். மருந்தும் வழக்கும் வேறு வேறு என்று நினைக்கிறீர்களா தோழர்?

அப்புறம் பாம்பு. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லாம் சொல்லி வையுங்கள்: கயிறு இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. தறியில் ஷாக் அடித்தால் ஆளைத் தொடுவதற்கு முன் மெயினை அணை.

நெஞ்சு அமுக்குவதை எழுத்தில் கற்க முடியாது, ஆனாலும் சொல்கிறேன். தோளைத் தட்டிக் கூப்பிடு. பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது மீன் மாதிரி எப்போதாவது வாயைத் திறந்து இழுக்கிறான் என்றால் அதை மூச்சு என்று ஏமாறாதே. 108ஐக் கூப்பிடு, போனை ஸ்பீக்கரில் போடு. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில், உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. அய்ந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. ஒவ்வொரு அமுக்குக்கும் நெஞ்சு முழுதாக மேலே வர விடு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்று, ஏனென்றால் கை சோர்ந்துவிடும். பறை அடிக்கிற எங்கள் பையன்களுக்கு இந்தத் தாளம் சுலபமாகப் பிடிபடுகிறது. பயிற்சி அம்மா ஏதோ ஆங்கிலப் பாட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தார், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பொம்மை வாங்கக் காசில்லை. இருபத்தைந்து கிலோ அரிசிச் சாக்கில் மில் பஞ்சுக் கழிவை அடைத்து, நடுவில் இரண்டு காலி பிளாஸ்டிக் பாட்டில் வைத்துத் தைத்தாள் எங்கள் பெரியம்மா. அமுக்கினால் இறங்கி மேலே வருகிறது. முகம் வரையவில்லை. ஊதுவதைக் கற்றுக்கொடுக்க அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு செவிலியர் அக்கா மாதம் ஒருமுறை வர ஒத்துக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு வளவுச் சமுதாயக்கூடத்தில் பதினோரு பேர் வந்தார்கள், நாலு பேர் பெண்கள். சித்தப்பன் மகன் வந்திருந்தான். அப்பன் சாகும்போது அவனுக்கு ஆறு வயது, இப்போது தறிக்குப் போகிறான். நாலு நிமிடம் விடாமல் அமுக்கினான், மாற்று என்று சொல்லியும் மாற்றவில்லை. பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, மேல நின்னவங்களுக்கும் இதச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

வந்தால் சொல்லிக் கொடுப்போம் என்றேன். இதுவரை வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கயிறு கட்டும் பாடம்.